சின்னராசு பெயரில் ஓர் இணைப்பு

படங்களைத் திருடியவள் நான். எச்சரிக்கை வந்தது சின்னராசுவின் பெயருக்கு. "அது வெறும் விளம்பரம், அழித்துவிடு" என்று அவனிடம் சொன்னவளும் நானேதான்.

அவ்வளவுதான்… சொல்லிவிட்டேன். சொன்னால் நெஞ்சு லேசாகும் என்பார்களே, அது பொய். முன்னைவிட இப்போதுதான் அதிகமாகப் படபடக்கிறது.

நீங்கள் சிரிக்கக் கூடும். கைப்பேசி வைத்திருக்கிற யார்தான் படம் இறக்கவில்லை, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்பீர்கள். நானும் அப்படித்தான் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் பொறுங்கள். முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் வைத்திருக்கும் முதலாளி ஒருவரிடம் நான் வேலை பார்க்கிறேன். அலுவலகத்தில் நான் ஒருத்திதான். டீசல் கணக்கு, ஆட்களின் விவரம், எந்த வண்டி எந்த மாநிலத்தில் எந்தக் காட்டில் நிற்கிறது என்ற செய்தி, எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். முதலாளி பாதி நாள் வண்டிகளுக்குப் பின்னாலேயே ஓடிக்கொண்டிருப்பார். ஆட்கள் எல்லோருக்கும் நான் அக்கா.

வண்டிகள் ஊரில் நிற்பது மழைக்காலத்தில் மட்டும். ஆயுத பூசை முடிந்ததும் சத்தீஸ்கர், ஒடிசா என்று வடக்கே கிளம்பிவிடும். போனால் மாதக்கணக்கில் திரும்பாது. கிளம்புகிற காலையில் பூசை போடுவோம். சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியின் நெற்றியில் சந்தனம் பூசி, தட்டில் தேங்காய் பழத்தோடு வண்டிச் சாவியை வைப்போம். சாவிக்குப் பக்கத்தில் இன்னொன்றும் இருக்கும். ஒரு பென் டிரைவ்.

அது நிறையப் புதுப்படங்கள். சாவிக்குக் காட்டும் கற்பூரத்தை அதற்கும் காட்டுவார்கள். ஆட்களில் மூத்தவன் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். திருட்டுச் சரக்குக்குத் தீபாராதனை! யார் ஆரம்பித்தது என்று தெரியாது. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே அந்த வழக்கம் வந்துவிட்டது.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. போகிற இடத்தில் தமிழ் பேச ஒரு நாதி கிடையாது. பகலெல்லாம் பாறையை அரைக்கும் இரைச்சல், வாயிலும் மூக்கிலும் கல்மாவு. பொழுது சாய்ந்தால் வண்டியோரம் சோறு பொங்கித் தின்றுவிட்டு, கேபினில் மாட்டியிருக்கும் சின்ன டிவியில் ஒரு படம் பார்ப்பார்கள். அதுவும் இல்லையென்றால் ஆட்கள் வண்டி ஏற முரண்டு பிடிப்பார்கள்.

முன்பெல்லாம் பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு செல்போன் கடையில் ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் கடைக்காரரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. முதலாளி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். "நீ படிச்ச புள்ளதான சாமி, என்னமோ பாத்து ஏத்திக் குடுத்துரு" என்றார்.

ஒருவர் இதற்காகத்தான் உள்ளே போயிருக்கிறார் என்று தெரிந்தே தலையாட்டினேன். தெரியாமல் செய்தேன் என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

எப்படி இறக்குவது என்று நானே தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டேன். முதல் படம் முழுதாக இறங்கி முடிந்தபோது எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே… வெட்கமாக இருக்கிறது சொல்ல. வெள்ளிக்கிழமை திரைக்கு வந்த படம், ஊரில் கூட்டம் வரிசையில் நிற்கிறது, அது என் மேசையில்! "அக்கா இருக்கற வரைக்கும் நமக்குப் படத்துக்குப் பஞ்சமில்ல" என்று ஆட்கள் சொல்வார்கள். அந்தப் பேச்சு எனக்குத் தேனாக இனித்தது. டீசல் கணக்கு எழுதுகிறவளை யார் மெச்சினார்கள்?

சரி, இணைப்பு எப்படிச் சின்னராசுவின் பெயருக்குப் போயிற்று?

அலுவலகத்தைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றிய சமயம் அது. இணைய நிறுவனத்து ஆள் கையில் ஒரு டேப்லெட்டுடன் வந்து, ஒருவருடைய ஆதார் வேண்டும், அவர் எண்ணுக்கு ஓடிபி வரும் என்றார். முதலாளி உதிரிபாகம் வாங்கக் கோயம்புத்தூர் போயிருந்தார். போனில் கேட்டதற்கு, இருக்கிற யார் பேரிலாவது போட்டுக்கொள் என்றார். எங்கள் தொழிலில் இதெல்லாம் சாதாரணம். ஆட்களின் ஆதார் நகலெல்லாம் எங்களிடம்தான் கிடக்கும். சிம் கார்டு ஒருவர் பெயரில், சிலிண்டர் இன்னொருவர் பெயரில் என்று ஓடிக்கொண்டிருக்கும். யாரும் கேட்பதில்லை.

அன்றைக்கு அலுவலகத்தில் இருந்தவன் சின்னராசு. வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தான். எங்கள் டிரில்லர்களில் மூத்தவன், நல்ல வேலைக்காரன். ஊருக்குக் கிளம்புவதைச் சொல்லிக்கொள்ள வந்தவன், நான் விழிப்பதைப் பார்த்துவிட்டுத் தன் ஆதாரை எடுத்து நீட்டினான்.

"என்றத வெச்சுக்கோங்க அக்கா. என்ன ஆயிறப் போவுது?"

"அப்புறம் மாத்தீர்றேன் தம்பி" என்றேன். மாற்றவில்லை. மாதாமாதம் பில் அவன் எண்ணுக்குப் போகும். அவன் அதை எனக்குத் தள்ளிவிட்டு, "நம்மூட்டு நெட்டுக்குப் பில்லு வந்திருச்சுங்க" என்று கிண்டலாக ஒரு குரல் செய்தியும் அனுப்புவான். நான் கட்டுவேன். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்களே… அப்படித்தான் அவன் பெயரை நான் தாராளமாகச் செலவழித்தேன்.

முதல் எச்சரிக்கை வந்தபோது அவன் சத்தீஸ்கரில் இருந்தான். காட்டுக்குள் சிக்னல் கிடையாது. டீசல் பிடிக்கச் சாலைக்கு வந்தால்தான் சேர்ந்துகிடந்த செய்தியெல்லாம் ஒன்றாக வந்து விழும். அப்படி வந்து விழுந்ததில் ஒன்று ஆங்கிலத்தில் இருந்தது. அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பினான். கூடவே குரல்: "ஏனுங்க அக்கா, நெட்டுக் கம்பெனில இருந்து இங்கிலீசுல என்னமோ போட்டுருக்கறாங்க. என்னன்னு பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். உங்கள் இணைப்பிலிருந்து திரைப்படம் ஒன்று சட்டவிரோதமாகப் பதிவிறக்கம் செய்யப்பட்டதாக உரிமையாளர் புகார் அளித்துள்ளார்… தொடர்ந்தால் இணைப்பு துண்டிக்கப்படும், சட்ட நடவடிக்கைக்கு உள்ளாவீர்கள்… மேலே சின்னராசுவின் முழுப்பெயர், தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு.

சோற்றுப் போசியைத் திறந்து வைத்திருந்தேன், மூடிவிட்டேன். எச்சரிக்கை என்று சொன்னால் அவன் பயப்படுவான், முதலாளியிடம் கேட்பான், முதலாளி என்னைக் கேட்பார்… நினைப்பு அந்த வழியாகத்தான் ஓடியது. அவன் பெயர் கெடுமே என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. என் பயம் முழுவதும் என்னைப் பற்றித்தான்!

"விளம்பரம் தம்பி, அழிச்சிரு" என்று அனுப்பினேன்.

"சரிங்க அக்கா."

கேட்டீர்களா? அவ்வளவுதான். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. படித்தவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்தான்.

சில வாரம் ஒன்றும் இறக்காமல் இருந்தேன். மேசை ஓரத்தில் அந்த இணையப் பெட்டி பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டே இருக்கும். அது கண்ணில் படாமலிருக்க ஒரு துணியை எடுத்து மூடி வைத்தேன். முதலாளி பார்த்துவிட்டு, என்ன சாமி, அதுக்குமா முக்காடு என்று கேட்டார். தூசி என்றேன்.

பொங்கலுக்குப் பெரிய படம் ஒன்று வந்தது. சப்போர்ட் லாரி ஒன்று உதிரிபாகம் ஏற்றிக்கொண்டு வடக்கே போகிறது, அதில் புதுப்படம் கொடுத்துவிடுங்கள் என்று ஆட்கள் கேட்டார்கள். இல்லை என்று சொல்ல நா எழவில்லை. இந்த ஒரு தடவை என்று இறக்கினேன். மறுவாரமே இரண்டாவது எச்சரிக்கை வந்தது. அதில் அலுவலக முகவரியும் இருந்தது. சின்னராசு அதையும் படமெடுத்து அனுப்பினான். நான் அதையும் அழிக்கச் சொன்னேன்.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்கு வழியில் மட்டுமா? உட்கார்ந்த இடத்திலேயே பயம். சைக்கிளில் தபால்காரர் வந்தால் பயம். புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் பயம். ஒருநாள் அலுவலக வாசலில் போலீஸ் ஜீப் நின்றது. நான் என்ன செய்தேன் தெரியுமா? இணையப் பெட்டியை வயரோடு பிடுங்கி என் சாப்பாட்டுப் பையில் திணித்துக்கொண்டேன்!

ஏதோ ஒரு லாரி கரண்டுக் கம்பத்தில் உரசிவிட்டுப் போய்விட்டதாம். அது எந்தக் கம்பெனி வண்டி என்று கேட்டார்கள். எங்கள் வண்டி இல்லை என்றேன். எனக்கே கேட்காத குரலில் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது, அந்தப் போலீஸ்காரர் உடம்பு சரியில்லையாம்மா என்று விசாரித்துவிட்டுப் போனார். பெட்டியில் புளிக்குழம்பு வாடை பல நாள் இருந்தது.

அன்றே நிறுத்தியிருக்க வேண்டும், இல்லையா?

இதுவரை நான் சொன்னதைக் கேட்டு, பாவம், ஆட்களுக்காகத்தானே செய்தாள் என்று உங்களில் யாராவது இரங்கியிருந்தால், அந்த இரக்கத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். ஆடி மாதம் வண்டிகள் ஊருக்கு வந்துவிட்டன. ஆட்கள் அவரவர் வீட்டில் இருந்தார்கள். யாருக்கும் பென் டிரைவ் தேவைப்படவில்லை. அப்போதும் இறக்கினேன். யாருக்காக? எனக்காக!

மழைக்காலத்தில் அலுவலகத்தில் வேலை இருக்காது. பிற்பகல் முழுக்க நானும் மின்விசிறியும்தான். என் வீட்டுக்காரருக்குச் சினிமா ஆகாது. கல்யாணமான புதிதில் ஒருமுறை தியேட்டருக்கு அழைத்துப் போனார், இடைவேளையோடு எழுப்பிக்கொண்டு வந்துவிட்டார். அந்தப் படத்தின் பாதியை இன்றைக்கும் நான் பார்த்ததில்லை. அலுவலகக் கம்ப்யூட்டரில் கதவைச் சாத்திக்கொண்டு நான் மட்டும் பார்க்கிற படத்தை யாரும் பாதியில் நிறுத்த முடியாது. அந்த ருசி பழகிவிட்டது… பயந்துகொண்டே பார்த்தேன். அடுத்த வெள்ளிக்கிழமையும் பயந்துகொண்டே இறக்கினேன். ஒரு மனுஷிக்கு இரண்டும் ஒரே நேரத்தில் முடியுமா என்று கேட்காதீர்கள். முடிந்தது.

அந்த மழைக்காலத்தில்தான் சின்னராசுவுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. எங்கள் பக்கத்துக்காரர் ஒருவர் ஆப்பிரிக்காவில் ரிக் வண்டிகள் வைத்துத் தொழில் நடத்துகிறார். அவருக்கு ஆட்களை மேற்பார்வையிட அனுபவமுள்ள ஒருவர் வேண்டும். கண்ணாடி போட்ட அறைக்குள் உட்கார்ந்து செய்கிற வேலை, புழுதியில் நிற்க வேண்டாம். சின்னராசுவுக்கு அப்போதே நெஞ்சில் சளியும் இருமலும் இருந்தன. இனியும் கல்மாவில் நின்றால் நுரையீரல் தாங்காது என்று சேலத்தில் டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். இரண்டு வருடம் அங்கே இருந்துவிட்டு வந்து, ஊரிலேயே மோட்டார் ரிப்பேர்க் கடை வைத்துவிடலாம் என்பது அவன் கணக்கு. அவன் மனைவி பூங்கொடி விசைத்தறிக்குப் போகிறவள். அவளும் போனில் என்னிடம் அப்படிச் சந்தோஷப்பட்டாள்.

பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தது நான்தான். உங்கள்மீது குற்ற வழக்கு ஏதும் உண்டா என்று அதில் ஒரு கேள்வி. நான் வாசித்துச் சொன்னதும் அவன் சிரித்தான். என் விரல் அந்தக் கட்டத்தின்மேல் அப்படியே நின்றது. இல்லை என்று அழுத்தினேன்.

பாஸ்போர்ட்டுக்கான போலீஸ் விசாரணைக்கு வரச் சொல்லி அழைத்த நாளன்று, ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன் அலுவலகத்துக்கு வந்தான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. கையில் போனை வைத்துக்கொண்டு என் மேசைக்கெதிரே நின்றான்.

"அக்கா, காத்தால இது வந்துச்சுங்க. எல்லாம் பெரிய பெரிய எழுத்தா இருக்குது. போறதுக்குள்ள இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லீருங்க, மனசுக்கு ஒரு மாதிரியா இருக்குது."

மூன்றாவது எச்சரிக்கை. இறுதி அறிவிப்பு என்று தலைப்பு. உரிய விளக்கம் தராவிட்டால் சந்தாதாரரின் விவரங்கள் புகார்தாரருக்கும் காவல்துறைக்கும் அளிக்கப்படும் என்று எழுதியிருந்தது. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்போது சொல்லியிருக்கலாம். தம்பி, இன்றைக்குப் போகாதே, தப்பு நடந்துவிட்டது, நான்தான் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? வாயைத் திறந்தேன். ஆங்கில வரிகளின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே, ஒவ்வொரு சொல்லாக, நிஜமாகவே வாசிப்பது போல வாசித்தேன்.

"நெட்டு வேகத்தக் கூட்டித் தாராங்களாம் தம்பி. ஆஃபர்."

அவன் முகம் தெளிந்தது. "அப்பப் படம் வெரசா எறங்குமுங்க" என்று சொல்லிவிட்டு, போனைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

அவன் பைக் சத்தம் தேயும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். ஓடிப்போய் நிறுத்து என்று கால் சொல்கிறது, உட்கார் என்று பயம் சொல்கிறது. பயம்தான் ஜெயித்தது… என் வாழ்க்கையில் எப்போதும் அதுதான் ஜெயித்திருக்கிறது.

அந்திக்குள் திரும்பி வந்தான். முகத்தில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. ஏட்டு ஆதாரின் நகலை போனில் அனுப்பச் சொல்லியிருக்கிறார். அவனுக்குத் தேடத் தெரியவில்லை, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஏட்டிடம் போனையே கொடுத்துவிட்டான். நான் அழிக்கச் சொன்ன செய்திகளை அவன் ஒழுங்காக அழித்திருந்தான். ஆனால் எனக்கு அனுப்புவதற்காக எடுத்த படங்கள் போனில் அப்படியே கிடந்தன. ஆதார் படத்துக்குப் பக்கத்தில்!

"ஏட்டய்யா அதையெல்லாம் படிச்சாருங்க" என்றான் சின்னராசு.

என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"ஒண்ணுஞ் சொல்லலீங்க. ஒரு லெட்டரு மட்டும் வேணுமாமுங்க. நெட்டு ஆபீசுல இருக்குது, முந்தி ரெண்டு தடவை இது வந்தப்ப நான் வடக்க வண்டீல இருந்தேன்னு ஆபீசு பேர்ல எழுதிக் குடுத்தா, ரிப்போட்டு அனுப்பீர்றேன்னாரு."

சொல்லிவிட்டு, துணி மூடிய அந்தப் பெட்டியைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

இப்போது நான் சொல்லப் போவதைக் கவனமாகக் கேளுங்கள். இதுதான் என் நிஜமான குற்றம். படம் இறக்கியது இல்லை. பொய்யாக வாசித்ததுகூட இல்லை.

எங்கள் முதலாளி எந்த நேரம் எந்த ஊரில் இருப்பார் என்று சொல்ல முடியாது. அதனால் அலுவலகத் தாள்கள் சிலவற்றில் வெறுமனே கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்து வைத்திருப்பார். அவசரத்துக்கு நான் மேலே தட்டச்சு செய்துகொள்வேன். டீசல் பங்குக்கும், இன்ஷூரன்ஸுக்கும் அப்படி எத்தனையோ கடிதம் கொடுத்திருக்கிறேன். சின்னராசு நின்ற நேரத்திலும் அந்தத் தாள்கள் என் இழுப்பறையில் இருந்தன. என் முழங்காலுக்கு நேரே. நாலு வரி அடித்து அச்சிட்டுக் கொடுத்தால் முடிந்தது.

ஆனால் அந்த நாலு வரியில் என்ன இருக்கும்? அவன் இல்லை, இணைப்பு அலுவலகத்தில் இருந்தது என்று இருக்கும். அடுத்த கேள்வி, அப்படியானால் அலுவலகத்தில் இருந்தது யார்? நான் ஒருத்திதானே இருக்கிறேன்!

ஸ்டேஷன், வேலை போவது, வீட்டுக்காரர், அக்கம்பக்கம்… எல்லாம் ஒரு நொடியில் கண்முன் வந்தன. செல்போன் கடைக்காரரை ஜீப்பில் ஏற்றியபோது கடைவீதியே வேடிக்கை பார்த்தது என்று சொன்னார்களே, அது வந்தது.

"முதலாளி கையெழுத்துப் போடோணுமே தம்பி. அவரு ஊர்ல இல்லையே" என்றேன்.

"சரிங்க அக்கா. வந்ததும் வாங்கி வையுங்க" என்றான்.

முதலாளி வந்தார், போனார். நான் அவரிடம் மூச்சு விடவில்லை. சின்னராசு மறுபடி வந்தான். மறந்துவிட்டேன் என்றேன். மறுபடி வந்தான். பிரிண்டர் பழுது என்றேன். அவன் ஒருமுறையும் குரலை உயர்த்தவில்லை. முதலாளியிடம் நேரே கேட்கிறேன் என்றும் சொல்லவில்லை. ஆசுபத்திரியில் முறை வருவதற்குக் காத்திருப்பவர்போல எதிர் நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பான். இருமுவான். "அப்ப வாரனுங்க" என்று எழுந்து போவான். எதற்கு இத்தனை நேரம் உட்கார்ந்திருக்கிறான் என்று எரிச்சல்கூட வந்தது எனக்கு. பாருங்கள், எரிச்சல்!

ஏட்டு அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை, அவனுக்கு ஒன்றும் தெரியாது. இதை மந்திரம்போலச் சொல்லிக்கொண்டிருந்தேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? எனக்கு அப்படித்தான் இருண்டிருந்தது.

பாஸ்போர்ட் வரும் வரும் என்று ஆப்பிரிக்காக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, வெண்ணந்தூரிலேயே வேறு ஒருவரை அழைத்துக்கொண்டு போய்விட்டார். அதைச் சொன்னது பூங்கொடிதான். "அவருக்கு ராசி இல்லீங்க அக்கா, என்ன பண்றது" என்று போனில் அழுதாள். ஆறுதல் சொன்னேன். நான்! நல்ல வார்த்தைகளாகத் தேடிப் பிடித்துச் சொன்னேன். இதைவிட நல்லதாக ஒன்று வரும் என்றேன். என் வாயை என்ன சொல்ல?

ஆயுத பூசை முடிந்தது. வண்டி கிளம்புகிற காலை வந்தது. நுரையீரல் தாங்காது என்று டாக்டர் சொன்ன சின்னராசு, மறுபடியும் அதே வண்டிக்குப் பக்கத்தில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றான். முதலாளி தேங்காய் உடைத்தார். சந்தனம், எலுமிச்சம்பழம், கற்பூரம் எல்லாம் வழக்கம்போல. தட்டில் சாவியோடு பென் டிரைவை வைத்தவள் நான். புதிதாக இறக்கவில்லை, பழைய படங்களையே ஏற்றியிருந்தேன். வைக்காவிட்டால் ஏன் இல்லை என்று கேட்பார்களே, அந்தப் பயத்தில் வைத்தேன்.

மூத்தவன் என்பதால் தட்டை வாங்க அவன்தான் வந்தான். கற்பூரத்தை ஒற்றிக்கொண்டான். சாவியை எடுத்து டிரைவரிடம் கொடுத்தான். பிறகு பென் டிரைவை எடுத்து, யாரும் கவனிக்காதபடி என் உள்ளங்கையில் வைத்து மூடினான்.

"இது வேண்டாமுங்க அக்கா" என்றான் மெதுவாக. "ஏட்டய்யா அன்னைக்கே எல்லாத்தையும் படிச்சுச் சொல்லீட்டாருங்க. யாரு எறக்குனதுன்னு கேட்டாரு. உங்க பேர நான் சொல்லல. பயப்படாதீங்க."

வண்டி கிளம்பிற்று. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. ஆட்கள் கையசைத்தார்கள், நானும் கையசைத்திருப்பேன்.

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கடிதம் கேட்ட முதல் நாளே தெரிந்திருக்கிறது. அந்த நாற்காலியில் வந்து வந்து உட்கார்ந்திருந்தது கடிதத்துக்காக மட்டும் இல்லை. நானாகச் சொல்வேன் என்று காத்திருந்திருக்கிறான். ஒவ்வொரு முறையும் எனக்கு நேரம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். நான் பிரிண்டர் பழுது என்றேன்…

பயப்படாதீங்க என்றானே! அன்றிலிருந்துதான் நான் சரியாகப் பயப்படத் தொடங்கினேன். முன்பு ஜீப்புக்குப் பயந்தேன், தபால்காரருக்குப் பயந்தேன். இப்போது வடக்கிலிருந்து வரும் அழைப்புக்குப் பயம். வண்டியிலிருந்து யார் கூப்பிட்டாலும், சின்னராசு இருமி இருமி விழுந்துவிட்டான் என்று சொல்லப் போகிறார்களோ என்று நினைத்துக்கொண்டேதான் எடுக்கிறேன். என் பெயரைச் சொல்லாமல் வைத்திருக்கிற அந்த நெஞ்சில்தான் கல்மாவு இறங்கிக்கொண்டிருக்கிறது.

இப்போது நான் படம் இறக்குவதில்லை. பார்ப்பதும் இல்லை. அதனால் என்ன? அவனுக்கு ஏதாவது திரும்பிவிட்டதா?

இணைப்பு இன்றும் அவன் பெயரில்தான் இருக்கிறது. மாற்ற வேண்டும் என்றால் நிறுவனத்தில் ஏன் என்று கேட்பார்கள், முதலாளி ஏன் என்று கேட்பார். கையெழுத்திட்ட வெற்றுத் தாள்கள் இன்றும் இழுப்பறையில் இருக்கின்றன. சில நாள் ஒன்றை எடுத்து மேசைமேல் வைப்பேன். யாராவது வருகிற சத்தம் கேட்டால் உள்ளே வைத்துவிடுவேன்.

மாதாமாதம் பில் வந்தால் அவன் இன்னும் எனக்குத் தள்ளிவிடுகிறான். "நம்மூட்டு நெட்டு" என்ற குரல் மட்டும் இல்லை.

இன்று பிற்பகல் வண்டி சாலைக்கு வந்திருக்கும் போலிருக்கிறது. அவனிடமிருந்து ஒரு படம் வந்து கிடக்கிறது. திறக்காமலே மங்கலாகத் தெரிகிறது, பெரிய பெரிய ஆங்கில எழுத்துகள். பில் அப்படி வராது. கீழே, என்னங்க அக்கா என்ற கேள்வி இல்லை. படிச்சுச் சொல்லுங்க என்று கேட்கவும் இல்லை.

நான் இன்னும் அதைத் திறக்கவில்லை. திறந்தால், நான் பார்த்துவிட்டேன் என்று அவனுக்குத் தெரிந்துவிடும்.